40 ஆயிரம் ரூபாய்க்குள் 55 இன்ச் டிவி: காசை எதில் போடுவது, எதை விட்டுவிடுவது

பட்ஜெட் 35,000 முதல் 40,000 ரூபாய், வீட்டிலோ 55 இன்ச்சுக்குக் குறைந்து யாரும் பேசவே மாட்டேன் என்கிறார்கள் என்றால் கவலைப்படாதீர்கள், இன்றைக்கு அந்தக் காசுக்கு உருப்படியான டிவி கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் நமக்குச் சாதகம்தான். ஆனால் இந்த விலையில் வரும் எல்லா டிவியின் அட்டைப்பெட்டியிலும் ஒரே மாதிரிதான் அச்சடித்திருக்கிறார்கள்: 4கே, ஹெச்டிஆர், டால்பி, கியூஎல்இடி, ஏஐ. பெட்டியைப் படித்து நல்லதையும் சுமாரானதையும் பிரிக்கவே முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற காசு முழுக்க பேனலுக்கு, அதாவது படம் தெரியும் திரைக்குப் போகட்டும். ஸ்மார்ட் வசதி மெதுவாக இருந்தால் பின்னால் ஓடிடி ஆப்களை ஓட்டும் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம், சத்தம் போதவில்லை என்றால் அடுத்த தீபாவளிக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கலாம், ஆனால் திரை மங்கலாகவோ கறுப்பு நிறம் சாம்பலாகவோ தெரிந்தால் அந்த டிவி இருக்கும் வரைக்கும் அப்படித்தான். வாரண்டி முடிந்தபின் பேனல் போனால் மாற்றும் செலவு பெரும்பாலும் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதனால் "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சே பேனலுக்குக் கிடையாது.

சரி, அளவு. டிவியின் இன்ச்சை 1.6-ஆல் பெருக்குங்கள், அந்த இன்ச் தூரத்தில் உட்கார்ந்தால் படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 55 இன்ச்சுக்கு அது ஏறக்குறைய ஏழேகால் அடி, 65-க்கு எட்டரை அடிக்குச் சற்று மேல். நம் வீட்டு ஹாலில் சோபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தால் இந்தத் தூரம் சாதாரணமாக வந்துவிடும், ஆகவே 55 பெரிதாகிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. 43-லிருந்து 55-க்குப் போனால் திரைப் பரப்பு 64 சதவீதம் கூடுகிறது, 55-லிருந்து 65-க்கு 40 சதவீதம். கடையில் பார்க்கும்போது எல்லா டிவியும் சின்னதாகத்தான் தெரியும், அந்த ஹால் அவ்வளவு பெரியது. அதனால் கிளம்புவதற்கு முன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரத்துக்குச் சுவரில் டேப் போட்டு மாட்டுங்கள், 55 இன்ச் திரை அவ்வளவுதான் இருக்கும். ஒரு நாள் முழுக்க அது அங்கேயே இருக்கட்டும், ஜன்னல் வெளிச்சம் எந்த நேரத்தில் அதன்மேல் விழுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மேசைமேல் வைக்கப்போகிறீர்கள் என்றால் டிவியின் இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டு அளந்துகொள்ளுங்கள், பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருப்பதால் 43-க்குச் செய்த ஷோகேஸில் 55 நிற்காது.

இன்னொரு விஷயத்தை முதலில் பேசிவிட வேண்டும்: உங்கள் வீட்டில் என்ன ஓடப்போகிறது? யூடியூபும் ஓடிடியும்தான் என்றால் பிரச்சினை இல்லை, 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் நிலையாக வந்தால் போதும். ஆனால் அம்மா காலையிலிருந்து கேபிளில் சீரியல் பார்க்கிறார் என்றால், சாதாரண எஸ்டி சேனலில் இருப்பது 720-க்கு 576 புள்ளிகள், சுமார் 4 லட்சம். 4கே திரையில் இருப்பது 83 லட்சம். வருகிற ஒவ்வொரு புள்ளியையும் டிவி இருபதாக்கிக் காட்ட வேண்டும். மலிவான டிவிகள் தடுமாறுவது இங்கேதான், முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு என் யோசனை: 65-க்குத் தாவாமல் 55-லேயே நில்லுங்கள், மிச்சக் காசில் ஹெச்டி செட்டாப் பாக்ஸும் அடிக்கடி பார்க்கும் சேனல்களின் ஹெச்டி இணைப்பும் வாங்கிக்கொடுங்கள்.

இப்போது பேனல். இந்த விலையில் வருவதெல்லாம் எல்சிடி பேனல்தான், கியூஎல்இடி என்பதும் அதே எல்சிடியில் நிறத்தைக் கூட்டும் ஒரு படலம் சேர்ந்ததுதான். நிறம் அழகாக வரும், உண்மை. கறுப்பு அதனால் கூடுதல் கறுப்பாகாது. கறுப்பைத் தீர்மானிப்பது பேனல் விஏ வகையா ஐபிஎஸ் வகையா என்பது. விஏ பேனலில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3000-க்கு ஒன்று, அதற்கு மேலும் வரும்; ஐபிஎஸ்ஸில் சுமார் 1000-க்கு ஒன்று. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு விஏதான் சரி. ஆனால் விஏவைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும். தாத்தா ஓர நாற்காலியில், பிள்ளைகள் தரையில், சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் என்று நாலாபக்கமும் ஆள் இருந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ்ஸே மேல். எந்த வகை என்று நிறுவனங்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை, ஒரே மாடலில் 50-க்கு ஒன்றும் 55-க்கு வேறொன்றும் போடுவதும் உண்டு. கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு பென்டிரைவில் நான்கு கிளிப் எடுத்துப் போங்கள்: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, இரவில் நடக்கும் ஒரு காட்சி, மைதானத்தின் குறுக்கே கேமரா நகரும் கிரிக்கெட் காட்சி, முகங்கள் பெரிதாகத் தெரியும் ஏதாவது ஒன்று. முதல் வேலையாகப் பிக்சர் மோடை விவிட் அல்லது டைனமிக்கிலிருந்து சினிமா அல்லது மூவிக்கு மாற்றச் சொல்லுங்கள், கடைக்காரர் தயங்கினாலும் விடாதீர்கள். விவிடில் நம் ஊர் முகங்கள் நீலம் பாய்ந்தும் ரோஸ் பூசியும் தெரியும், பச்சை கண்ணைக் கூசும், பக்கத்தில் இருக்கும் டிவியை மங்கலாகக் காட்டுவதற்காகவே அந்த மோடை வைத்திருக்கிறார்கள். மாற்றியபின் நேராக நின்று கறுப்பைப் பாருங்கள், அப்புறம் நான்கு அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். நேரே சாம்பலாகத் தெரிந்து ஓரத்திலும் நிறம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் ஐபிஎஸ். நேரே நல்ல கறுப்பு, ஓரத்தில் வெளுப்பு என்றால் விஏ. கிரிக்கெட் காட்சியில் புல்தரையைக் கவனியுங்கள். பந்தின் பின்னால் கேமரா போகும்போது பச்சைப் பரப்பில் அழுக்குத் திட்டுகள் மாதிரி நிழல் அசையாமல் நின்றால் பின்னொளி சீராக இல்லை என்று அர்த்தம், கிரிக்கெட் பார்ப்பவர்கள் அந்த டிவியை வாங்கக் கூடாது.

திரையின் வெளிச்சம் அடுத்த முக்கியம், அதை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். மலிவான பேனல்கள் 250, 300 நிட்ஸோடு நின்றுவிடும், பகலில் வாசல்கதவைத் திறந்து வைக்கிற ஹாலுக்கு அது போதாது. ஹெச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் பட முறை, ஆனால் பெட்டியில் இருக்கும் அந்த எழுத்துக்கு "அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும்" என்பதுதான் பொருள், காட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும், அது இந்த விலையில் முழுமையாக வராது. லோக்கல் டிம்மிங் (இருட்டான இடங்களில் மட்டும் பின்னொளியைக் குறைப்பது) உள்ள மினி எல்இடி மாடல், அதாவது பின்னொளிக்குச் சின்னச் சின்ன எல்இடிகளை நிறைய வைத்த மாடல் ஏதாவது ஆஃபரில் உங்கள் பட்ஜெட்டுக்கு அருகே வந்தால், இன்னும் நாலாயிரம் ஐயாயிரம் போட்டாவது அதை எடுங்கள். நான் கூடுதல் செலவு செய்யச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படம் மாறும் என்று போட்டிருந்தால் அது பேனலின் நிஜ வேகமா, டிஎல்ஜி முறையா என்று கேளுங்கள். டிஎல்ஜி என்றால் 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்து ஓட்டி வேகத்தைக் கூட்டுவது, 120-ல் ஓடும்போது உயரவாக்கில் துல்லியம் பாதியாகிவிடும். கேம் விளையாடுகிறவர்களுக்கு ஓரளவு உதவும், மற்றவர்கள் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். ரேம் 2 ஜிபி, சேமிப்பு 16 ஜிபி, மூன்று ஹெச்டிஎம்ஐ துளைகள், அதில் ஒன்று ஏஆர்சி அல்லது இஏஆர்சி (டிவியின் சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்பும் துளை), 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. இவ்வளவு இருந்தால் போதும்.

மின்சாரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 120 வாட் எடுக்கும் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் விவிட் மோடிலேயே விட்டுவைத்தால் இது கூடும்.

எந்த பிராண்ட்? சாம்சங், எல்ஜி என்றால் இந்தக் காசுக்கு அவர்களின் அடிமட்ட மாடல்தான் வரும். அதே விலையில் டிசிஎல், ஹைசென்ஸ், வியூ போன்றவற்றில் ஒரு படி மேலான பேனல் கிடைக்க வாய்ப்பு அதிகம், நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஹெச்டிஆரில் டால்பி விஷன் என்ற வகை வேண்டுமென்பவர்கள் சாம்சங்கை விட்டுவிடலாம், அவர்கள் அதற்குப் போட்டியான ஹெச்டிஆர்10 பிளஸ்தான் கொடுக்கிறார்கள். ஆனால் பிராண்டை முடிவு செய்யும் முன் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், பேனல் வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். சென்னையில் இருப்பவருக்கு நல்ல பிராண்ட், தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருப்பவருக்குத் தலைவலியாகலாம். பெரிய திரையைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் பஸ்ஸில் போக முடியாது.

வாங்கும் நேரம் என்றால் ஆடி, தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் விற்பனைகள், பொங்கல். போன வருடத்து மேல்தட்டு மாடலை இந்த வருடம் தள்ளுபடியில் எடுப்பது, புதிய அடிமட்ட மாடலை எடுப்பதைவிட எப்போதும் லாபம். ஆன்லைன் விலையைக் கடையில் காட்டிப் பேரம் பேசுங்கள், ஆனால் மாடல் எண் கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உண்டு, அதையும் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

டெலிவரி வரும்போது பெட்டி நிமிர்ந்த நிலையில் வருகிறதா என்று பாருங்கள், படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் அதை வாங்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். ஓடிபி சொல்வதற்கு முன் பெட்டியைத் திறக்கச் சொல்லித் திரையில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மாட்டியபின் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒற்றை நிறம் முழுத்திரையில் வரும் வீடியோவை யூடியூபில் ஓட்டி, செத்த பிக்சல் (நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி) உண்டா, மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று ராத்திரி விளக்கணைத்துச் சோதியுங்கள். ரிப்ளேஸ்மென்ட் நாட்கள் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், பெட்டி இல்லை என்று சொல்லியே திருப்பி எடுக்க மறுப்பார்கள்.