எல்கேஜி இன்டர்வியூ முடிந்த பிறகு வரும் பத்து நாள்

நாங்கள் நங்கநல்லூரில் இருக்கிறோம். போன தை மாதம் மகளை எல்கேஜி இன்டர்வியூவுக்குக் கூட்டிப்போனோம். டீச்சர் யானை அட்டையைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டார். வீட்டில் காண்டாமிருகம் வரைக்கும் சொல்கிறவள், அங்கே வாயே திறக்கவில்லை. மேசை மேலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். பட்டியல் பத்து நாள் கழித்து என்றார்கள்.

இப்போது அந்தப் பத்து நாளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், வண்டியில் ஏறியதும் குழந்தையிடம் 'ஏன்டா சொல்லல?' என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். அன்று சாயங்காலம் அக்காவிடம் போனில் புலம்பி அழுதேன். இவள் தரையில் உட்கார்ந்து சொப்புச் சாமான் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ராத்திரி தூங்கப்போகும்போது, "யானைன்னு சொல்லிருந்தா நீ அழுதிருக்க மாட்டியாம்மா?" என்றாள். மூன்றரை வயதுக் குழந்தை. அதற்குப் பிறகு இந்தப் பேச்சையெல்லாம் அவள் தூங்கினதும் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசினோம். நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

அடுத்து, உள்ளே நடந்ததை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவையுங்கள். டீச்சர் என்ன கேட்டார், குழந்தை என்ன செய்தது, அவ்வளவு போதும். நான் மூன்றாம் நாள்தான் எழுதினேன். எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது: என் கையை விட்டுவிட்டுத் தானாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள், டீச்சர் கேட்டதும் ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். நர்சரி டீச்சராக இருக்கும் என் நாத்தனாரிடம் சொன்னேன். "அண்ணி, புது ஆளைப் பார்த்தா பாதிப் பிள்ளைங்க பேசாது. அம்மாவை விட்டுட்டு உட்காருதா, சொன்னா கேட்குதான்னுதான் நான் பார்ப்பேன்" என்றாள். அன்றுதான் எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கியது.

வாட்ஸாப் குரூப்பை மியூட்டில் போட்டுவிடுங்கள். எந்தக் குழந்தை எத்தனை ரைம்ஸ் சொன்னது என்பது நமக்கு வேண்டாம்.

கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். படிவத்தில் போன் நம்பர் சரியா, பிறப்புச் சான்றிதழில் இருக்கிற மாதிரியே பெயர் எழுதியிருக்கிறீர்களா என்று நகலை எடுத்துப் பார்க்கலாம். பள்ளிக்குத் தினமும் போன் செய்ய வேண்டாம். சொன்ன தேதி தாண்டினால் விண்ணப்ப எண்ணைச் சொல்லி ஒரு தடவை கேளுங்கள், போதும். இரண்டாவதாக ஒரு பள்ளியிலும் விண்ணப்பம் போட்டுவையுங்கள். தனியார் பள்ளி மட்டும்தான் வழி என்றும் இல்லை. 2019-லிருந்து தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கினார்கள். விஜயதசமி அன்று சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13-ன்படி, சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, கட்டாய நன்கொடையும் வாங்கக் கூடாது. சோதனை வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அப்புறம் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டம் குழந்தை என்று சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. அதனால் எல்கேஜிக்கு அது பொருந்துமா என்று கோர்ட் வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. மூன்று வயதுக்கும் அது தெளிவாகப் பொருந்த வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பட்டியல் பார்க்கப் போகும்போது குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நம் முகம் மாறுவதை அது பார்க்க வேண்டாம். நானும் அவரும் மட்டும் போனோம். எங்கள் பெயர் இல்லை. மறுபடியும் மேலிருந்து ஒரு தடவை படித்தோம். எதிர்க் கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, நேராக இரண்டாவது பள்ளிக்குப் போய் ஃபீஸ் கட்டி ரசீது வாங்கினோம்.