தையல் போட்ட காயத்துக்கு ஒரு நாள்காட்டி

காயம் ஆறும் பாடத்தில் செல்களின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. தையல் போட்ட ஓர் அறுவைக் காயத்தை வரைந்து, அதன் மேல் நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்கள். மூன்றாம் நாளில் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்கள் (சிதைவுகளை விழுங்கி அகற்றும் செல்கள்) பிடித்துவிடும். ஐந்தாம் நாளில் புது இரத்தக் குழாய்கள் மலிந்த கிரானுலேஷன் திசு வெட்டை நிரப்பியிருக்கும்.

பலர் கோட்டைவிடுவது வலிமைக் கணக்கில்தான். ஒரு வாரத்தில் தையலைப் பிரிக்கும்போது, காயத்தின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ 10 சதவீதமே. (வெளியே பார்த்தால் நன்றாக ஒட்டியதுபோல்தான் தெரியும்!) அடுத்த நான்கு வாரங்களில் அது வேகமாக ஏறி, மூன்று மாதங்களில் 70 முதல் 80 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை. தொடக்கத்தில் படியும் மூன்றாம் வகைக் கொலாஜன் (திசுவுக்கு உறுதி தரும் இழைப் புரதம்) நீங்கி, உறுதியான முதல் வகை அந்த இடத்துக்கு வருவது இந்த ஏற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

நாள்காட்டி தயாரானதும், ஆறுவதைத் தாமதப்படுத்தும் காரணங்களை அதிலேயே பொருத்துங்கள். ஸ்டீராய்டு மருந்துகள் தொடக்க அழற்சியையும் கொலாஜன் உற்பத்தியையும் அடக்கும். வைட்டமின் சி குறைந்தால் கொலாஜனில் உள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தின் ஹைட்ராக்சிலேற்றம் (ஹைட்ராக்சில் தொகுதி சேர்வது) தடைபடும், இழைகள் பலவீனமாகும்.