ரத்தசோகைக்கு ஊசி ஏறும்போது குழந்தையின் ரத்த ஓட்டத்தை டாப்ளரில் கவனிப்பது எப்படி

போன தை மாசம் அந்தியூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். எட்டு மாசம், எச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, 7.4. அஞ்சு இரும்பு ஊசி போடச் சொல்லியிருந்தார்கள், இரண்டோடு நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டதும் மாமியார் மஞ்சப்பையிலிருந்து டாப்ளர் ரிப்போர்ட்டை, அதாவது குழந்தையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன் ரிப்போர்ட்டை, எடுத்து நீட்டினார். "ஸ்கேன்ல ரத்த ஓட்டமெல்லாம் நார்மல்னு போட்டிருக்குதுங்க சிஸ்டர், அப்புறம் எதுக்குங்க புள்ளைய இன்னும் ஊசி போட்டு வதைக்கோணும்?" பாசத்தில் கேட்கிற கேள்விதான். பிரசவ வார்டில் இத்தனை வருசத்தில் இதே கேள்வியை ஈரோட்டிலும் கேட்டிருக்கிறேன், தாராபுரத்திலும் கேட்டிருக்கிறேன், அதனால்தான் விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். எச்பி அம்மாவின் கணக்கு, டாப்ளர் குழந்தையின் கணக்கு. அம்மாவுக்கு இரும்புச்சத்து குறைந்தாலும் நஞ்சு (நஞ்சுக்கொடி) அதைத் தேடி இழுத்துக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அம்மாவுக்கு 7 இருக்கும்போதே குழந்தையின் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கலாம். அது சந்தோஷமான விஷயம், ஆனால் பிரசவத்தில் ரத்தம் போகப்போவது அம்மாவுக்கு. டாப்ளர் நார்மல் என்று ஊசியை நிறுத்தாதீர்கள். அதேபோல எச்பி ஏறிவிட்டது என்று, டாக்டர் எழுதிக்கொடுத்த டாப்ளரை விட்டுவிடவும் கூடாது.

ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிற எல்லோருக்கும் டாப்ளர் தேவையில்லை. கர்ப்பத்தில் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே கடுமையானது. 10-ல் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, அதை காப்பி டீயோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். எச்பி மிகவும் குறைவு, குழந்தை வாரத்துக்கேற்ற எடை இல்லை, பிரஷர் இருக்கிறது, அம்மாவின் ரத்தம் நெகட்டிவ் குரூப், இந்த மாதிரி இருக்கும்போதுதான் டாக்டர் டாப்ளரைத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

ஊசி போடும் நாளிலிருந்தே கவனிப்பு ஆரம்பிக்கிறது. முதல் மூன்று மாதத்தில் இரும்பு ஊசி போடுவதில்லை. அதற்குப் பிறகு அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராமை 100 மில்லி சலைனில் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றுவது வழக்கம். மொத்தம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: உடல் எடையை, ஏற்ற வேண்டிய எச்பியாலும் 2.4-ஆலும் பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்ட வேண்டும். 45 கிலோ பெண்ணுக்கு 7.5-லிருந்து 11-க்குப் போக 45 × 3.5 × 2.4 = 378, அதோடு 500, ஆக 878 மில்லிகிராம். அஞ்சு ஊசி எங்கிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா? இரண்டோடு நிறுத்தினால் பாதி தூரம்கூடப் போகவில்லை. டிரிப்ஸ் ஏறும்போது அரிப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சு அடைக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். அம்மாவுக்கு ஒவ்வாமை வந்தால் குழந்தையின் இதயத்துடிப்பும் இறங்கலாம். அதனால்தான் ஏற்றும்போது கையடக்க டாப்ளரில் துடிப்பைக் கேட்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓட வேண்டாம்.

சரி, ஸ்கேன். போகும்போது பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், முக்கியமாக மூன்றாம் மாதத்தில் எடுத்த முதல் ஸ்கேன். வாரக்கணக்கு சரியாக இருந்தால்தான் டாப்ளர் எண்ணுக்கு அர்த்தம். எச்பி அட்டை, எத்தனை ஊசி எந்தெந்தத் தேதியில் போட்டது என்கிற விவரம், ரத்த குரூப், இவையும் வேண்டும். பட்டினி கிடக்கத் தேவையில்லை. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும், அதனால் இடதுபக்கம் சற்றுச் சாய்ந்து படுங்கள். குழந்தை புரண்டுகொண்டோ விக்கிக்கொண்டோ இருந்தால் அளவு தப்பாக வரும், அது அடங்கும்வரை டாக்டர் காத்திருப்பார், "ஏனுங்க இத்தன நேரம்" என்று அவசரப்படுத்த வேண்டாம். அப்புறம், என்ன குழந்தை என்று கேட்காதீர்கள். கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

ரிப்போர்ட்டில் மூன்று இடத்தைப் பாருங்கள்.

தொப்புள்கொடி ரத்தக்குழாய்தான் முதலில். நஞ்சைக் கடைமடை வயல் என்று நினைத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வாய்க்காலில் தண்ணீர் தள்ளுகிறது. வயல் நன்றாகக் குடிக்கிறதென்றால் இரண்டு துடிப்புக்கு நடுவிலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மடை அடைத்தால் நடுவில் நின்றுவிடும், இன்னும் மோசமானால் எதிர்த்துத் திரும்பும். ரிப்போர்ட்டில் இதை 'எண்ட் டயஸ்டாலிக் ஃப்ளோ' என்று போட்டு, பக்கத்தில் 'பிரசென்ட்', 'ஆப்சென்ட்', 'ரிவர்ஸ்டு' என்று எழுதுவார்கள். பின்னால் சொன்ன இரண்டில் எது இருந்தாலும் அன்றைக்கே பிரசவ டாக்டரைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரக்கூடாது. எஸ்டி ரேஷியோ, பிஐ என்று வரும் எண்கள் இதே விஷயத்தின் அளவுகள்தான். வாரம் ஏற ஏற அவை இறங்க வேண்டும். 30 வாரத்துக்கு மேல் எஸ்டி ரேஷியோ 3-ஐத் தாண்டினால் டாக்டர் உற்றுப் பார்ப்பார்.

அடுத்தது எம்சிஏ, மூளைக்குப் போகிற குழாய். ஆக்சிஜன் போதாமல் போகும்போது குழந்தை மற்ற உறுப்புகளைக் குறைத்து மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும், அப்போது இந்தக் குழாயின் பிஐ இறங்கும். இதைத் தொப்புள்கொடியின் பிஐயால் வகுத்து வருவது சிபிஆர். அது 1-க்குக் கீழே வந்தால் குழந்தை சிரமத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயந்து அழ வேண்டியதில்லை, ஆனால் அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது.

மூன்றாவது அதே குழாயின் வேகம், பிஎஸ்வி. குழந்தைக்கே ரத்தசோகை இருக்கிறதா என்று சொல்வது இதுதான். கம்பங்கூழ் மெதுவாக ஊற்றும், நீர்மோர் விறுவிறுவென்று ஊற்றும், ரத்தமும் அப்படித்தான்: அணு குறைந்து நீர்த்துப்போனால் வேகம் கூடும், இதயமும் அதிகமாகத் தள்ளும். 24 வாரத்தில் சராசரி வேகம் நொடிக்கு 31 செ.மீ. சுற்றி, 28-ல் 37, 32-ல் 44. இதன் ஒன்றரை மடங்கு, அதாவது முறையே 46, 55, 67-ஐத் தாண்டினால் குழந்தைக்குக் கணிசமான ரத்தசோகை என்று சந்தேகப்படுவார்கள். 2000-இல் மாரி என்ற மருத்துவரின் குழு இதை நிறுவியது, அதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வயிற்றுக்குள் ஊசி விட வேண்டியிருந்தது. பிஐ ஒரு விகிதம், கோணம் கொஞ்சம் மாறினாலும் பெரிதாகக் கெடாது. பிஎஸ்வி அப்படியில்லை, ஸ்கேன் கருவியின் ஒலிக்கதிர் குழாயோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதனால் திடீரென்று ஒரு தடவை அதிகமாகக் காட்டினால், அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காமல் திரும்ப அளக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. 35 வாரத்துக்குப் பிறகு தப்பாக அதிகம் காட்டுவதும் உண்டு.

அம்மாவின் இரும்புக் குறைவால் மட்டும் பிஎஸ்வி இப்படி ஏறுவது அரிது. ஏறினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். நெகட்டிவ் குரூப் அம்மாக்களே, உங்களுக்குத்தான் இது: முதல் பிரசவத்துக்குப் பிறகோ, கரு கலைந்தபோதோ 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி (உங்கள் உடம்பு குழந்தையின் ரத்த அணுவை எதிர்க்காமல் தடுக்கிற ஊசி) போட்டீர்களா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்று காட்டும் ஐசிடி ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கலைந்த விஷயத்தைப் புருசன் வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்து, அதனால் யாருக்கும் சந்தேகமே வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன், தனியாக டாக்டரிடம் சொன்னால் போதும். குழந்தைக்கு ரத்தம் மிகவும் குறைந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடி வழியாக ரத்தம் ஏற்ற முடியும். அதற்குக் கரு மருத்துவ நிபுணர் வேண்டும், கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருக்கும், ஆனால் வழி இருக்கிறது. நீலகிரி மலையில் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை, அதாவது ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய், உண்டு. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வெறும் இரும்பைக் கொட்டாமல் முதலில் அந்தப் பரிசோதனை நடக்க வேண்டும், அவர்களுக்கு நஞ்சு பாதிக்கிற வாய்ப்பு அதிகம் என்பதால் டாப்ளரும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? குழந்தையின் எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்ப அளந்தால் வித்தியாசம் சரியாகத் தெரியாது, ரத்த ஓட்டத்தை மட்டும் தேவைப்பட்டால் வாரம் ஒருமுறையோ அதற்கும் அடிக்கடியோ பார்ப்பார்கள். எச்பியை ஊசி முடிந்து நான்கு வாரம் கழித்துப் பாருங்கள், மறுநாளே ஏறவில்லை என்று வருத்தப்படாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி தேதி, வாரம், எச்பி, ஊசி, குழந்தை எடை, தொப்புள்கொடி பிஐ, எம்சிஏ பிஐ, பிஎஸ்வி என்று ஒரே வரியில் எழுதி வாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தாலும் அந்த நோட்டைப் புரட்டினால் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்தியூர்ப் பெண் மீதி மூன்று ஊசியையும் போட்டுக்கொண்டாள். மாமியாரே கூட்டிவந்தார், நோட்டும் அவர் கையில்தான் இருந்தது.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியது அசைவு மட்டும்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் படுத்து எண்ணுங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். வரவில்லை என்றால், போன வாரம் டாப்ளர் நார்மலாக இருந்திருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.