சுவரில் ஒரு பழமொழி: மலையக ஈரத்துக்குத் தாங்கும்படி பழைய படங்களை மாட்டுவது

பழைய புத்தகங்களில் வந்த பழமொழிப் படங்களை வீட்டில் மாட்டும்போது சுவரில் தொங்கப் போவது பிரதி, மூலப்படம் பெட்டிக்குள். இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் துவைத்த துணியே வீட்டுக்குள் காயாது; தாள் எப்படிக் காயும்? காற்றின் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வாசிப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் மரக்கூழ்த் தாளில் அச்சானவை. அந்தத் தாளுக்குள்ளேயே அமிலம் இருப்பதால் வெளிச்சம் பட்டால் பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளமாக உடையும்.

படம் கிடைக்கும் இடங்கள்: தாத்தா படித்த தோட்டப் பள்ளிப் புத்தகம், பரிசளிப்பு விழாவில் கொடுத்த நீதிக்கதை நூல், டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த சிவகாசி நாட்காட்டி. கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளிலும் பொறுமையாகத் தேடலாம். புத்தகத்திலிருந்து பக்கத்தை வெட்டி எடுக்காதீர்கள். பிரதிக்கு அது தேவையே இல்லை.

வாங்கி வந்த புத்தகத்தில் இராமபாணப் பூச்சி இருந்தால் வீட்டிலுள்ள மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். பொலித்தீன் பைக்குள் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, ஆழ்குளிர் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வியர்த்துவிடும். பூஞ்சணம் பிடித்த பக்கத்தை முதலில் நிழலில் உலர்த்தி, முகக்கவசம் போட்டு, வாசலில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். வெயிலில் காயப்போட்டால் வர்ணம் போய்விடும்.

பிரதி எடுக்க ஸ்கேனர் நல்லது. 3×4 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 1800×2400 புள்ளிகள் கிடைக்கும். அதை 300 டிபிஐயில் அச்சிட்டால் 6×8 அங்குலம். கோடுகளால் ஆன மரச்செதுக்குப் படமாக இருந்தால் இன்னும் பெரிதாக்கலாம். புள்ளி புள்ளியாக அச்சான போட்டோப் படத்தை ஸ்கேனரில் எடுத்தால் அலை அலையாகக் கோலம் விழும். ஸ்கேனரில் புள்ளி நீக்கும் தெரிவு (டிஸ்கிரீன்) இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

ஸ்கேனர் இல்லையா? மூடுபனி நாளில் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) விழும் வெளிச்சம் போதும், நிழலே விழாது. பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள். அப்போதுதான் மறுபக்க எழுத்து ஊடே தெரியாது. போனை இரண்டடி மேலே தாளுக்குச் சமாந்தரமாகப் பிடித்துச் சற்றுப் பெரிதாக்கி எடுங்கள். கிட்டப் போனால் ஓரங்கள் வளையும். கணினியில் பின்னணியைப் பால் வெள்ளையாக்க வேண்டாம், அந்தப் பழுப்புதான் அழகு. கீழே உள்ள பழமொழி வரியையும் சேர்த்தே எடுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ‘லை’, ‘னை’ எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்திருந்தன. கணினி எழுத்தில் அதைத் திருப்பி அடித்தால் பழைய படம் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.

அச்சு விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான சாய மை ஈரம் பட்டால் ஊறும். லேசர் அச்சு அல்லது நிறமி மை (பிக்மென்ட் இங்க்) கேளுங்கள். பளபளப்பான போட்டோத் தாள் மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் முகம் போய்விடும். சதுர மீற்றருக்கு 160 முதல் 200 கிராம் எடையுள்ள, பளபளப்பில்லாத தாள் சரி.

சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே, படம் தெரிய நடுவில் வெட்டிய ‘மவுண்ட்’ அட்டை கட்டாயம் வேண்டும். அந்தச் சிறு இடைவெளிதான் ஒட்டாமல் காக்கிறது. 6×8 படத்துக்கு இரு பக்கமும் மேலேயும் 2½ அங்குலம், கீழே 3 அங்குலம் விட்டால் சட்டத்தின் உள்ளளவு 11×13½. செலோடேப்பும் பைன்டர் கம்மும் வேண்டாம். முன்னது மஞ்சள் கறை விடும், பின்னதை மறுபடி கழற்றவே முடியாது. பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். கோதுமை மாவை ரொட்டிக்குப் பிசைவதுபோல் பிசைந்து, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் கசக்குங்கள். ரப்பர் போன்ற பகுதி கையில் நிற்கும், வெள்ளைத் தண்ணீர் பாத்திரத்தில் சேரும். இரவு முழுக்க விட்டால் அடியில் மாச்சத்து படியும். தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு பங்கு மாச்சத்துக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்து, மெல்லிய தீயில் கண்ணாடிபோல் மாறும்வரை கிண்டுங்கள். மெல்லிய தாளில் இரண்டு சிறு பட்டைகள் வெட்டி, இந்தப் பசையைத் தடவி, படத்தின் மேல் விளிம்பை மட்டும் அட்டையோடு இணையுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமின்றிச் சுருக்கம் விழும்.

மாட்டும் இடம்: வெளிச்சுவர் வேண்டாம், இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் நல்லது. வெளிச்சுவர் இரவில் குளிர்ந்து வியர்க்கும், சட்டத்தின் முதுகு அந்த ஈரத்தைக் குடிக்கும். எங்கே மாட்டினாலும் சட்டத்தின் கீழ்மூலை இரண்டிலும் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டுகளை ஒட்டுங்கள். அரை அங்குல இடைவெளியில் காற்று போகும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்கட்டும். பாயில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கானது என்றால் 40க்கு இறக்கலாம். விறகடுப்புச் சமையலறையில் எதையும் மாட்டாதீர்கள். புகையின் பிசுக்கு கண்ணாடியில் படியும், துடைத்தால் இழுபடும்.

எந்தப் பழமொழி எங்கே? தண்ணீர்ப் பீப்பாய் பக்கம் ‘சிறு துளி பெரு வெள்ளம்’. பிள்ளைகளின் மேசைக்கு மேலே ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’. வாயைத் திறந்து கத்தும் தவளையும் பின்னால் வரும் பாம்புமாக ‘நுணலும் தன் வாயால் கெடும்’ கிடைத்தால் விருந்தினர் உட்காரும் இடத்தில் மாட்டுங்கள். சண்டை வராமல் சிரிப்பு வரும். ‘அடியாத மாடு பணியாது’ படத்தைப் பெட்டியிலேயே விடுங்கள். கங்காணியின் பிரம்பைப் பார்த்த ஊரில் அது பிள்ளைகளுக்கு மேலே தொங்க வேண்டியதில்லை. ஒரு சுவருக்கு மூன்றுக்கு மேல் போனால் வகுப்பறை ஆகிவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை, மழை குறைந்த மாதத்தில் கழற்றிப் பாருங்கள். ஹட்டன் பக்கம் பெப்ரவரி, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை, ஓகஸ்ட். முதுகை மோந்து பார்த்தால் போதும்; ஈரமண் வாசனை வந்தால் அட்டையை மாற்றுங்கள்.