நாள் தள்ளிப்போனதும் ஸ்கேன் கடைக்கு ஓடாதீர்கள்

போன வாரம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் தட்டினாள். இங்கிலாந்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "அக்கா, இங்க நல்ல ஸ்கேன் சென்டர் எது?" என்றாள். எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று கேட்டேன். ஒன்பது நாளாம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசித்தான் அனுப்பினேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வந்த வருடம் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. 612 பவுண்டும் பத்து நாள் தூக்கமும் போயின.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கார்டில் இரண்டு கோடு தெரிந்தால் மறுநாள் காலையில் டாக்டரம்மா முன்னால் டோக்கனோடு உட்கார்ந்திருப்போம். அன்றைக்கே ரத்தம் எடுப்பார்கள், ஃபோலிக் ஆசிட் எழுதுவார்கள், பாதிப் பேருக்குப் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மாத்திரையும் சேர்த்து வரும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் "துடிப்பு வந்துருச்சான்னு பாத்துருவோம்" என்று ஒரு ஸ்கேன். எங்கள் கோவில்பட்டி வீட்டில் அந்த ஸ்கேன் முடிந்து போன் வந்த பிறகுதான் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பாள். அதுவரை யாரும் வாயைத் திறப்பதில்லை.

இங்கே அந்த ஸ்கேனே கிடையாது. ரத்தப்போக்கோ வலியோ இல்லை, முன்னால் கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் கரு தங்கியது போன்ற சிக்கலும் இல்லை என்றால் அரசு மருத்துவத்தில், அதாவது என்ஹெச்எஸ்ஸில், முதல் ஸ்கேன் பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டித்தான். கணக்காகச் சொன்னால் 11 வாரம் 2 நாளில் இருந்து 14 வாரம் 1 நாளுக்குள். அடுத்தது 18 முதல் 21 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேன். சிக்கல் இல்லாதவர்களுக்கு அத்தோடு சரி. ஒன்பதாம் மாதம் வரை மாதாமாதம் படம் எடுத்து ஆல்பம் போட்ட அக்கா, தங்கைகள் உங்களுக்கு இருந்தால் இது கஞ்சத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நடைமுறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பவுண்டு கடையில் கிடைக்கிற கார்டே போதும், ஜி.பி., அதாவது நீங்கள் பதிவு செய்திருக்கும் பகுதி டாக்டர், அதை மறுபடி சோதித்துப் பார்க்கமாட்டார். உங்கள் பகுதி மருத்துவமனையின் இணையதளத்தில் மகப்பேறு பிரிவுக்கு நீங்களே படிவம் நிரப்பலாம், ஜி.பி.யைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். மிட்வைஃபோடு, அதாவது கர்ப்பகாலம் முழுவதும் உங்களைப் பார்த்துக்கொள்ளும் மகப்பேறு செவிலியரோடு, முதல் சந்திப்பு பத்து வாரத்துக்குள் நடக்க வேண்டும், அதனால் தெரிந்த வாரமே படிவத்தைப் போட்டுவிடுங்கள். தனியாரிடம் காசு கொடுத்து ஸ்கேன் எடுத்தால் என்ஹெச்எஸ்ஸில் பதிவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டி வந்தவர்களுக்கு இதற்கெல்லாம் பில் வராது. விசிட் விசாவில் வந்திருப்பவர்களுக்கு வரும், அதுவும் கனமாக. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் பன்னிரண்டு வாரம் வரை, வைட்டமின் டி 10 மைக்ரோகிராம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் அளவு வேறு, கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டுக்கும் பல் வைத்தியத்துக்கும் காசு இல்லாமல் இருக்க ஒரு சான்றிதழ் உண்டு. மிட்வைஃபிடம் கேளுங்கள், பிரசவத்துக்குக் குறித்த தேதியில் இருந்து ஒரு வருடம் வரை செல்லும்.

அந்த முதல் சந்திப்பில் கணவரைக் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொல்வார்கள். கோபப்பட வேண்டாம். வீட்டில் அடி உதை உண்டா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்பார்கள். இன்னொரு கேள்வியும் வரும்: கணவர் ரத்த உறவா? நான் "அத்தை மகன்" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு தாளில் தாத்தாவில் இருந்து கோடு போட்டு விளக்கினேன். இரண்டு அத்தைகள், அப்பா, ஒரு சித்தப்பா என்று தாள் நிறைந்துவிட்டது. மறைக்காமல் சொல்லுங்கள், தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்ச் சோதனைக்கெல்லாம் அது உதவும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும் கேளுங்கள், காசு கிடையாது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு நாள் தள்ளியது ஒரு பிப்ரவரியில். பன்னிரண்டு வாரம் வரை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. கணவர் வேலைக்குப் போய்விடுவார், வெளியே சீக்கிரமே இருட்டிவிடும், நான் தனியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா தினமும் "துடிப்பு பாத்தாச்சா?" என்று வாய்ஸ் நோட் அனுப்புவாள். கடைத்தெருவில் நகம் பூசும் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு தனியார் ஸ்கேன் இடம் இருந்தது. கண்ணாடியில் இளஞ்சிவப்பு எழுத்து, உள்ளே கரடி பொம்மைகள். இப்படி இடங்கள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. 79 பவுண்டு கட்டினேன்.

கட்டிலில் படுத்ததும் அந்தப் பெண் கடைசி மாதவிலக்கு தேதி கேட்டார். சொன்னேன். ஏழு வாரம் ஒரு நாள் என்று கணக்குப் போட்டார். "மாதவிலக்கு ரெகுலரா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

இந்த ஆமாமுக்குத்தான் நான் 612 பவுண்டு கட்டினேன். எனக்குப் பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, உண்டு. நாற்பது நாளுக்கு ஒருமுறை வரும், ஆனால் ஒழுங்காக நாற்பதாவது நாளில் வந்துவிடும். என் புத்திக்கு அது ரெகுலர்தான். அவர்கள் கேட்டதோ 28 நாள் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ணுகிற இந்த வாரக் கணக்கு முழுவதும் பதினாலாவது நாளில் கருமுட்டை வெளிவருகிறது என்ற அனுமானத்தில்தான் ஓடுகிறது. நாற்பது நாள் சுற்று இருப்பவளுக்கு அது இருபத்தாறாவது நாள் வாக்கில் வெளிவரும். அப்படியானால் தாளில் ஏழு வாரம் ஒரு நாள் என்று இருந்தாலும் என் வயிற்றில் ஐந்து வாரமும் கொஞ்ச நாட்களும்தான் ஆகியிருந்தது. ஐந்து வாரத்தில் கருவைச் சுற்றிய பைதான் தெரியும். அதுவும் வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கிற ஸ்கேனில் அது ஒரு கறுப்புப் புள்ளி. துடிப்பைத் தேடுவதே தப்பு.

அவர் கருவியை அப்படியும் இப்படியும் அழுத்தினார். திரையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "பை தெரிகிறது, கரு தெரியவில்லை, துடிப்பும் தெரியவில்லை" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒரு உறையில் தாள்களைப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் படம் பிடித்துச் சித்திக்கு அனுப்பினேன். சித்தி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அங்கே இருக்கும் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். ஏழு வாரத்தில் கருவே தெரியவில்லை என்றால் தங்காது, சுத்தம் பண்ணிவிடலாம் என்று பதில் வந்தது. தாளில் ஏழு வாரம் என்று இருந்தால் அப்படித் தோன்றலாம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "இங்க வந்துரு, நான் கூட இருக்கேன்" என்றாள் சித்தி. அந்தக் குரலைக் கேட்டதும் அழுகை. அன்றிரவே ஹீத்ரோவில் இருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டோம். மலிவாகக் கிடைத்தது, அதனால் பணம் திரும்பாத டிக்கெட்.

டிக்கெட்டை அச்சடிக்கத் தாள் தேடிய கணவர்தான் அந்த உறையைத் திறந்தார். இரண்டாவது பக்கம் ஒன்று இருந்தது. "தேதிகள் பொருந்தாமல் இருக்கலாம். இப்போதைக்கு எதுவும் முடிவாகச் சொல்ல முடியாது. மறு ஸ்கேன் தேவை" என்று எழுதி, மருத்துவமனையின் ஏர்லி பிரெக்னன்சி யூனிட்டுக்கு ஒரு கடிதமும் வைத்திருந்தார்கள். நான் அதைப் பிரிக்கவே இல்லை.

இந்த யூனிட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப வாரங்களில் ரத்தப்போக்கு, வலி, முன்பு குழாயில் கரு தங்கியது, இப்படி ஏதாவது இருந்தால் பார்க்கிற இடம் இதுதான். சில ஊர்களில் நீங்களே போன் செய்யலாம், சில ஊர்களில் ஜி.பி.யோ 111 என்ற என்ஹெச்எஸ் உதவி எண்ணில் பேசுபவர்களோ அனுப்ப வேண்டும். இரவில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஒரு பக்கமாகக் குத்துகிற வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், கொட்டுகிற ரத்தம் என்று எது வந்தாலும் யூனிட், கடிதம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு 999 அடியுங்கள், இல்லை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தக் கடிதத்தோடு யூனிட்டுக்குப் போனோம். அங்கே எடுத்தது உள் ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுப்பது. ஊர் ஆஸ்பத்திரிகளில் இதை டி.வி.எஸ். என்பார்கள். சித்தி போனில் "டி.வி.எஸ். எடுத்தாங்களா?" என்று கேட்டபோது, அந்த நிலைமையிலும் என் கணவருக்கு அப்பாவின் பழைய டி.வி.எஸ். ஐம்பது வண்டி ஞாபகம் வந்து சிரித்துவிட்டார். மேல் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைய வேண்டும், இதற்குக் காலியாக இருக்க வேண்டும். அந்த நர்ஸ் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார், ஆனால் வேறு மாதிரி: "இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் எத்தனை நாள்?" நாற்பது என்றேன். அவர் முகம் தளர்ந்தது. பை சின்னதாக இருக்கிறது, நாளோடு பொருந்துகிறது, பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார்.

இங்கே ஒரே ஸ்கேனை வைத்துக் கரு போய்விட்டது என்று சும்மா சொல்லிவிட மாட்டார்கள். உள் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு இல்லையென்றால், குறைந்தது ஏழு நாள் கழித்து மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கருவே தெரியாமல் பை 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் அப்படியே. மேல் ஸ்கேன் மட்டும்தான் என்றால் பதினாலு நாள். அந்த அளவுகளைத் தாண்டியிருந்தாலும் இன்னொருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்வார்கள், இல்லை ஏழு நாள் கழித்து வரச் சொல்வார்கள். எனக்கு அப்போது இது அலட்சியமாகப் பட்டது. "நம்ம ஊரா இருந்தா இந்நேரம் ஒரு ரத்தப் பரிசோதனையாவது எடுத்திருப்பாங்க" என்று புலம்பித் தீர்த்தேன்.

விமானம் ஆறாவது நாள். நான் ஏறவில்லை. டிக்கெட்டில் இருந்த வரிப்பணம் மட்டும் கொஞ்சம் திரும்ப வந்தது.

பத்தாவது நாள் திரையை என் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டு, அதன் நடுவில் படபடவென்று ஏதோ மினுங்கியது. சத்தம் கேட்கவில்லை, அந்த வாரத்தில் பெரும்பாலும் கண்ணால் மட்டும்தான் காட்டுவார்கள். அப்போது ஊரில் ராத்திரி ஒன்பது. அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு வார ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து பிரசவத் தேதியைப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போட்டார்கள். இங்கே அதற்குப் பிறகு அந்தத் தேதிதான். "நாள் கணக்கு ஒண்ணு, ஸ்கேன் கணக்கு ஒண்ணு" என்று இரண்டைத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. அதே நேரத்தில் டவுன் சிண்ட்ரோம் சோதனைக்கு ரத்தமும் எடுக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். 14 வாரம் 1 நாள் தாண்டினால் அந்தச் சோதனை கிடைக்காது, வேறொரு ரத்தப் பரிசோதனைதான். சீக்கிரம் படிவம் நிரப்பச் சொன்னது இதற்காகவும்தான்.

துடிப்பைக் காதால் கேட்க ஆசையா? பதினாறாவது வாரச் சந்திப்பில் மிட்வைஃபிடம் கேளுங்கள், பெரும்பாலும் டாப்ளர் என்ற சின்னக் கருவியை வயிற்றில் வைத்துக் கேட்க வைப்பார். தானாக வைக்காவிட்டால் ஏதோ மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள், அது கட்டாயமில்லை. ஆன்லைனில் விற்கிற வீட்டு டாப்ளரை மட்டும் வாங்காதீர்கள். உங்கள் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று கேட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் தவறிப்போகும். அசைவு 24 வாரம் வரை தெரியவே இல்லை என்றாலோ, தெரிந்த அசைவு குறைந்தாலோ, எந்த நேரமானாலும் மகப்பேறு பிரிவுக்குப் போன் போடுங்கள்.

தனியார் ஸ்கேனே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனிமையில் பன்னிரண்டு வாரம் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். போவதானால் மாதவிலக்குத் தேதியில் இருந்து எண்ணிய கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சுற்று 28 நாளைவிட எத்தனை நாள் நீளமோ அத்தனை நாளைக் கழித்து, அதற்குப் பிறகும் எட்டு வாரம் ஆன பின் போங்கள். ரெகுலரா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லாமல் எத்தனை நாள் என்று எண்ணைச் சொல்லுங்கள். கொடுக்கிற உறையில் எத்தனை தாள் என்று எண்ணுங்கள். ஊருக்கு அனுப்புவதானால் எல்லாப் பக்கத்தையும் அனுப்புங்கள்.

தெருப் பெண்ணுக்கு 35 நாள் சுற்றாம். விரல் விட்டுக் கழித்துப் பார்த்தோம், ஐந்து வாரமும் இரண்டு நாளும்தான் ஆகியிருந்தது. சமையல் மேடையில் வைத்தே போனில் படிவத்தை நிரப்பினோம். கறிவேப்பிலை தாளித்த வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் எழுந்து ஓடினாள். மிச்சத்தை நான்தான் நிரப்பினேன்.