படம் பார்த்துப் பேட்மேன் பிடித்தவர்கள் காமிக்ஸை எங்கிருந்து தொடங்கலாம்?

கிறிஸ்டோபர் நோலன் எடுத்த பேட்மேன் படங்களையோ 2022இல் வந்த ‘தி பேட்மேன்’ படத்தையோ பார்த்துவிட்டு, காமிக்ஸ் படிக்க ஆசையாக இருக்கிறது, எதை முதலில் வாங்குவது என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் இதையே கொடுத்துவிடலாம் என்று முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தை விட்டுவிடுங்கள். பேட்மேன் 1939இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் அறிமுகமானவன், அந்த வரிசை 2019இல் ஆயிரமாவது இதழைத் தொட்டது, அவன் பெயரிலேயே ஓடுகிற வேறு வரிசைகள் தனி. ஒன்றாம் நம்பரிலிருந்து படித்தால்தான் புரியும் என்று நினைத்தால் ஆயுள் போதாது. அப்படி யாரும் படிப்பதும் இல்லை. நடுவில் பல தடவை கதையையே புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள், நல்ல கதைகளில் பாதிக்கு மேல் முன்கதை எதுவும் தெரியாமலே படிக்கலாம். தனித்தனி இதழ்களைத் தேடி அலைய வேண்டாம். ஒரு கதை முழுவதும் ஒரே புத்தகமாகக் கிடைக்கிற தொகுப்பையே வாங்குங்கள்.

தொடங்க வேண்டியது ‘பேட்மேன்: இயர் ஒன்’. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 1987இல் வந்தது, நான்கே இதழ், எழுதியவர் ஃபிராங்க் மில்லர், வரைந்தவர் டேவிட் மஸுக்கெல்லி. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், ஆனால் தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள். படம் பார்த்துப் பழகிய கண் வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு அடுத்த படக் கட்டத்துக்கு ஓடும். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும், ஒரு பக்கத்தை முழுப் படமாக ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம்தான் கட்டங்களுக்குள் போக வேண்டும்.

முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காதம் நகரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். போலீஸ் அதிகாரி கார்டன் ரயிலில் வருகிறார், ஊரை அதன் அழுக்கோடு பக்கத்திலிருந்து பார்க்கிறார். பேட்மேன் ஆகப்போகிற ப்ரூஸ் வேய்ன் விமானத்தில் வருகிறான், மேலிருந்து ஊர் சுத்தமாகத் தெரிகிறது, ரயிலில் வந்திருக்க வேண்டும், எதிரியைக் கிட்டத்தில் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறான். இரண்டு பேரின் மனசுக்குள் ஓடுவதையும் எழுதியிருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். ப்ரூஸுக்கு டைரியில் எழுதுகிற மாதிரி சாய்ந்த கையெழுத்து, கார்டனுக்கு வேறு கை. எழுத்து வடித்தவர் டாட் க்ளைன். யார் பேசுகிறார்கள் என்று பெயர் போட வேண்டிய அவசியமே இல்லாமல் இரண்டு மனிதர்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறார். இதைத் திரையில் எப்படிக் கொண்டுவருவீர்கள்? முடியாது, அதற்கு ஈடாக வேறு எதையாவதுதான் கண்டுபிடிக்க வேண்டும். காமிக்ஸைப் படமாக்குவது பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் இந்த ஒரு பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தக் கதையின் நாயகன் உண்மையில் கார்டன்தான். லஞ்சம் வாங்க மறுத்ததற்காகச் சக போலீஸ்காரர்களிடமே அடி வாங்குகிறார், மனைவி கர்ப்பமாக இருக்கும்போது இன்னொரு பெண்ணோடு பழகுகிறார், அதற்காகத் தன்னையே வெறுக்கிறார். கடைசியில் அவருடைய கைக்குழந்தை பாலத்திலிருந்து கீழே விழுகிறது, முகமூடி இல்லாமல் வந்த ப்ரூஸ் பாய்ந்து பிடிக்கிறான். எதிரே நிற்கிறவன் யார் என்று கார்டன் நன்றாகவே பார்த்திருக்கலாம். ஆனால் அவருடைய கண்ணாடி தொலைந்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி அவனைப் போகவிடுகிறார். உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்தும் சொன்னாரா? நான் இந்தப் பக்கத்தை எத்தனை தடவை புரட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை, தெரிந்துதான் சொன்னார் என்பதே என் கட்சி.

இதைப் படித்த அன்றோ மறுநாளோ, மறக்கும் முன், 2005இல் வந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தை மறுபடி பாருங்கள். புத்தகத்தில் வருகிற மாஃபியா தலைவன் ஃபால்கோனி, லஞ்சம் வாங்குகிற போலீஸ்காரன் ஃப்ளாஸ், கமிஷனர் லோப் எல்லோரும் அங்கே இருப்பார்கள். போலீஸ் சுற்றி வளைத்ததும் காலணிக்குள் ஒளித்த கருவியால் வௌவால் கூட்டத்தையே வரவழைத்துத் தப்பிக்கிற காட்சி இந்தப் புத்தகத்திலிருந்து போனது. கடைசியில் கார்டன் ஜோக்கரைப் பற்றிச் சொல்லி முடிப்பதும் அப்படித்தான். ஆனால் ப்ரூஸின் பயிற்சி, வில்லன் ராஸ் அல் கூல், நச்சுப் புகை இதெல்லாம் ‘இயர் ஒன்’னில் கிடையாது. புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள் என்று கோபப்படுகிற ரசிகர்களை எனக்குத் தெரியும், நான் அந்தப் பக்கம் இல்லை. இதே கதையை 2011இல் அனிமேஷன் படமாகக் கிட்டத்தட்ட வரிக்கு வரி எடுத்தார்கள், அதையும் பாருங்கள். எல்லாம் அப்படியே இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் உயிர் பாதிதான். கையெழுத்தில் படித்தபோது ரகசியம் மாதிரி இருந்த வரிகளைக் குரலில் வாசித்துக் கேட்கும்போது அறிக்கை வாசிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

அதனால் ஒரு படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: புத்தகம் படித்தபோது எனக்கு என்ன ஆனதோ அது படம் பார்க்கும்போதும் ஆகிறதா? 2022 படத்தில் கொலை நடந்த அறைக்குள் கார்டன் பேட்மேனை அழைத்துப் போவார், சுற்றி நிற்கிற போலீஸ்காரர்கள் எல்லோரும் அவனை முறைப்பார்கள், இவன் யாரையும் பார்க்காமல் தடயங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பான். ‘இயர் ஒன்’னில் அப்படி ஒரு காட்சியே இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் இரண்டு பேரும் அந்த அறைக்குள் நிற்கிறார்கள். பெற்றோர் கொலையை, அந்தச் சந்துக் காட்சியை, சிதறும் முத்துகளை மறுபடி காட்டாமல் விட்டதற்கே அந்தப் படத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

இரண்டாவதாக ‘தி லாங் ஹாலோவீன்’. ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்தது, 1996–97இல் 13 இதழ்களாக வந்தது, ‘இயர் ஒன்’ முடிந்த இடத்திலிருந்தே படிக்கலாம். ஒவ்வொரு பண்டிகை நாளிலும் ஒரு கொலை, யார் செய்வது என்பது கதை. ஆனால் அதை விட முக்கியம் பேட்மேன், கார்டன், அரசு வக்கீல் ஹார்வி டென்ட் மூன்று பேரும் மொட்டை மாடியில் செய்துகொள்கிற ஒப்பந்தம். 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ பார்த்தவர்களுக்கு அந்த மாடி நன்றாகப் பழக்கம். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். படத்தில் மலை மாதிரி குவித்த பணத்தைக் கொளுத்துகிறவன் ஜோக்கர். புத்தகத்தில் மாஃபியாவின் பணத்தைக் கொளுத்துகிறவர்கள் பேட்மேனும் ஹார்வியும்! அதே நெருப்பு, ஆனால் யார் கையில் தீக்குச்சி என்பதை மாற்றியதும் அர்த்தமே புரண்டுவிடுகிறது. புத்தகத்தில் அது ஒரு நல்ல வக்கீல் வரம்பைத் தாண்டுகிற முதல் அடி. படத்தில் அது பணத்துக்கு ஆசைப்படாத ஒருவனை யாராலும் விலைக்கு வாங்க முடியாது என்கிற பயம். நல்ல தழுவல் என்றால் எனக்கு இதுதான். திருடியிருக்கிறார்கள், ஆனால் யோசித்துத் திருடியிருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் முடித்தவுடன் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ வாங்கிவிடாதீர்கள். எல்லாப் பட்டியல்களிலும் அதுதான் முதலில் நிற்கும், 1986இல் வந்த பெரிய படைப்பு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, பக்கத்துக்குப் பதினாறு கட்டமாகக் கதையை நெருக்கி அடிக்கிற வேகம் இன்றைக்கும் மூச்சு முட்டும். ஆனால் அது பத்து வருஷம் ஒதுங்கியிருந்து வயதான பிறகு திரும்பி வருகிறவனின் கதை. அவனோடு கொஞ்ச காலம் பழகாமல் அந்த முதுமை வலிக்காது. 2016இல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ செய்த தப்பும் அதுவே. கவசத்தை எடுத்துக்கொண்டார்கள், சண்டையை எடுத்துக்கொண்டார்கள், சில கட்டங்களை அச்சு அசலாகத் திரையில் வைத்தார்கள், பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் புத்தகத்தில் மோதிக்கொள்கிறவர்கள் பல வருஷப் பழக்கம் உள்ள இரண்டு பேர், ஒருவன் அரசாங்கத்தின் ஆளாகிவிட்டான், இன்னொருவன் அதற்கு மசியவில்லை. படத்தில் அவர்கள் இப்போதுதான் சந்திக்கிறார்கள். பழக்கமே இல்லாதவர்கள் அடித்துக்கொண்டால் எனக்கு எதற்கு மனசு பதற வேண்டும்?

அதற்குப் பதிலாக இங்கே கொஞ்சம் அனிமேஷன் பக்கம் போங்கள். 1992இல் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்’ குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கியிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கெவின் கான்ராயின் குரல்தான் எனக்குப் பேட்மேனின் குரல், காமிக்ஸ் படிக்கும்போதும் அந்தக் குரலில்தான் கேட்கிறது. காமிக்ஸிலிருந்து திரைக்கு மட்டும்தான் கதை போகும் என்று நினைப்பவர்கள் இதில் வந்த ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். காமிக்ஸில் வெறும் பனித் துப்பாக்கிக்காரனாக இருந்த மிஸ்டர் ஃப்ரீஸுக்கு நோரா என்கிற மனைவியையும் அவளை இழந்த துக்கத்தையும் கொடுத்தது இந்தப் பகுதிதான், பிறகு காமிக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் பிறந்ததே இந்தத் தொடரில்தான். இதே குழு எடுத்து 1993இல் தியேட்டருக்கு வந்த ‘மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டாசம்’ அப்போது ஓடவில்லை. ஒரு காட்சிக்காகவாவது பாருங்கள்: கொட்டுகிற மழையில் இளம் ப்ரூஸ் பெற்றோரின் கல்லறை முன்னால் மண்டியிட்டு, தான் சந்தோஷமாக இருப்போம் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் கொடுத்த வாக்கிலிருந்து தன்னை விடுவிக்க வேண்டும் என்றும் கெஞ்சுவான். பேட்மேன் படங்கள் எல்லாவற்றிலும் என்னை உலுக்கிய இடம் அதுதான்.

அடுத்து ‘தி கில்லிங் ஜோக்’, 1988, ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்தது. ஐம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். இது இரண்டு வண்ணங்களில் இருக்கிறது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். முதலில் வந்ததில் ஜான் ஹிக்கின்ஸ் மஞ்சளும் ஆரஞ்சும் ஊதாவுமாகப் போட்டிருந்தார். 2008இல் போலண்டே மறுபடி வண்ணம் தீட்டினார். அதில் ஜோக்கரின் பழைய வாழ்க்கை வருகிற இடங்கள் கறுப்பு வெள்ளைக்கு வந்துவிடும், ஏதாவது ஒரு பொருளில் மட்டும் சிவப்பு இருக்கும், அந்தச் சிவப்பு அப்படியே அவன் போட்டுக்கொள்ளப் போகிற முகமூடிக்குப் போய்ச் சேரும். என் ஓட்டு இரண்டாவதற்கு. புத்தகத்தில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். இரண்டு ஆண்களை நோகடிப்பதற்காக கார்டனின் மகள் பார்பரா சுடப்படுகிறாள், அதற்கு மேல் அவளுக்குக் கதையில் இடமே இல்லை. 1989இல் வேறு எழுத்தாளர்கள் அவளைச் சக்கர நாற்காலியிலிருந்தே எல்லா ஹீரோக்களுக்கும் தகவல் தருகிற ஆரக்கிளாக மாற்றினார்கள், அதுதான் அவளுக்குக் கிடைத்த நியாயம். 2016இல் இதை அனிமேஷன் படமாக எடுத்தவர்கள் நீளம் போதாமல் பார்பராவையும் பேட்மேனையும் சேர்த்து முன்னால் ஒரு காதல் கதையை ஒட்டவைத்தார்கள். அது அவளுக்கு உதவவும் இல்லை, பேட்மேனுக்கும் பொருந்தவில்லை. அந்தப் படத்தை நீங்கள் பார்க்காமலே இருக்கலாம்.

இதற்குப் பிறகு ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ எடுங்கள். இப்போது அது உங்களை அடிக்கும்.

கடைசியாக ‘கோர்ட் ஆஃப் அவுல்ஸ்’. ஸ்காட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்து 2011இல் தொடங்கியது. இந்த ஒன்றையாவது அச்சுப் புத்தகமாகவே படியுங்கள். செல்போன் செயலிகளில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டுகிற வசதி இருக்கிறதே, அதை எந்தக் காமிக்ஸுக்கும் பயன்படுத்தாதீர்கள், பக்கம் என்கிற விஷயமே போய்விடும், இதற்கோ அது பெரிய துரோகம். ஐந்தாம் இதழில் பேட்மேன் ஒரு புதிர்ப் பாதைக்குள் நாள்கணக்காக மாட்டிக்கொண்டு புத்தி தடுமாறுகிறான். கொஞ்சம் போனதும் பக்கம் படுக்கைவசமாகத் திரும்பிவிடும், அப்புறம் தலைகீழாகிவிடும், நீங்கள் புத்தகத்தைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். நான் முதல் தடவை அச்சுப் பிழை என்று நினைத்து முந்தின பக்கத்துக்கே திரும்பிப் போனேன், அப்புறம்தான் புரிந்தது, பாதை தொலைந்தது அவனுக்கு மட்டும் இல்லை என்று. மேசையில் வைக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு படியுங்கள்.