தோட்டத்து முதியவர்களின் தசைவலுவையும் இயக்க நரம்பையும் அளப்பது எப்படி

தேயிலைக் கூடை சுமந்த கை தளர்ந்தால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லோரும் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். தளர்ந்தது தசையா, அதை இயக்கும் நரம்பா, வலிக்கும் மூட்டா என்று பிரிப்பதுதான் ஆய்வின் முதல் வேலை.

முதலில் வலுவை அளவிடுங்கள். முதுமையில் தசைப் பருமனைவிட வலுவே வேகமாகக் குறைகிறது. ஆகவே தசையின் சுற்றளவை அளக்கும் அளவுநாடா மட்டும் போதாது. கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியான பிடிவலுமானி ஜாமர் வகை என்றால் உட்காரவைத்து, முழங்கையை 90 பாகை மடக்கி, கைப்பிடியை இரண்டாம் நிலையில் வையுங்கள். ஸ்பிரிங் வகை என்றால் நிற்கவைத்து, முழங்கையை நீட்டச் சொல்லுங்கள். ஒரே ஆய்வில் இரண்டையும் கலக்க வேண்டாம். ஒவ்வொரு கைக்கும் 3 முறை, இடையில் ஒரு நிமிட ஓய்வு, அதிகபட்சத்தை எடுங்கள். ஆசியத் தசைநலிவுக் குழுவின் 2019 வரையறைப்படி பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் ஆணுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் வலுக்குறைவு.

அடுத்து, கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் குறைபாடாகக் குறிக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வளையும். மரநாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். முழங்கால் வலியால் நிறுத்தினால் அதையும் எழுதுங்கள். நடைவேகத்துக்கு 6 மீட்டர் சமதளம் வேண்டும். லயத்துப் பாதை சரிவு, ஆகவே பிரட்டுக்களமோ (காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடம்) பாடசாலை மண்டபமோ நல்லது. விநாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தால் மெதுநடை. மலையேறி வந்தவரைச் சற்று உட்காரவைத்த பிறகே நடக்கவிடுங்கள்.

நரம்பைப் பார்க்கும்போது நுவரெலியாக் குளிர்தான் பெரிய தொல்லை. நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்து அது பயணிப்பதை அளக்கும் சோதனையில், தோல் குளிர்ந்தால் நரம்புக் கடத்தல் வேகம் குறைகிறது, பதிவாகும் அலையின் உயரமோ கூடுகிறது. ஆகவே நல்ல நரம்பு நோயுற்றதாகத் தெரியும். நரம்பிழைகள் அழிந்திருந்தால், அலை உயர்ந்து காட்டுவதால் அதுவும் மறைந்துபோகும். கைத்தோல் 32 பாகை செல்சியஸும் கால்தோல் 30 பாகையும் எட்டும்வரை வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்கி, வெப்பநிலையைத் தாளில் எழுதுங்கள். நீரிழிவால் உணர்வு மரத்தவருக்குச் சுடுவது தெரியாது. நீரை நீங்களே தொட்டுப் பார்த்துவிடுங்கள். தசைத்துடிப்பை (தோலுக்கடியில் தசை தானாகத் துடிப்பதை) தேடும் அறையும் சூடாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நடுக்கத்தைத் துடிப்பென்று எண்ணிவிடுவீர்கள். கெண்டைக்காலில் மட்டும் துடித்தால் பெரும்பாலும் கவலையில்லை. நாக்கு, தோள், தொடை என்று பல இடங்களில் துடித்து, தசையும் மெலிந்தால் தீவிரமாகப் பாருங்கள்.

கொழுந்து பறித்த கையில் பெருவிரல் அடிமேடு வற்றியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டிருக்கலாம். அப்போது பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் இயக்க நரம்பணு நோயில் பொதுவாக மரத்துப்போவதில்லை. பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடைப்பட்ட தசையும் வற்றும், சிறுவிரல் பக்கம் ஓரளவு தப்பும். நீரிழிவு, பி12 குறைபாடு, சிறுவயதுப் போலியோ, தோட்டத்தில் பூச்சி, களை மருந்தடித்த வேலை ஆகியவற்றைக் கட்டாயம் கேளுங்கள்.

வலுக்குறைவு சில மாதங்களில் பரவினாலோ, விழுங்கத் தடுமாறினாலோ, படுத்தால் மூச்சுத்திணறினாலோ ஆய்வு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே கடிதம் எழுதி, கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.